சாவி வெளியே, சத்தம் உள்ளே: பழைய கார்வெட்டின் எச்சரிக்கை பஸ்ஸரை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

சாவியை உருவிப் பையில் போட்டாகிவிட்டது. ஆனாலும் கதவைத் திறந்தவுடன் டேஷ்போர்டுக்குள் எங்கிருந்தோ அந்த வறண்ட ‘ர்ர்ர்ர்’ ஓசை. கதவைச் சாத்தினால்தான் ஓய்கிறது. மூன்றாம் தலைமுறை செவர்லே கார்வெட் வைத்திருப்பவர்களில் பலர் இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை இழந்து, ஒருநாள் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, கைக்குச் சிக்கிய வயரைக் கத்தரித்துவிடுகிறார்கள். சத்தம் போய்விடும். ஆனால் சத்தத்துக்குக் காரணம் ஸ்டியரிங் பூட்டுக்குள் பிய்ந்து கிடக்கும் ஒரு உலோகத் துணுக்காக இருந்தால், அது அங்கேயேதான் கிடக்கும். என்றைக்காவது அது நகர்ந்து பூட்டின் பல்லில் சிக்கினால் சாவி திரும்பாது. வீட்டிலிருந்து வெகுதூரத்தில் அது நடந்தால் இழுவை வண்டிதான் கதி.

அதனால் பஸ்ஸரை அடக்குவதற்கு முன், அது ஏன் கத்துகிறது என்று கண்டுபிடிப்போம். நல்ல செய்தி என்னவென்றால், இந்தச் சுற்று மிக எளிமையானது. எப்போது கத்துகிறது, எப்போது ஓய்கிறது என்று கவனமாகக் குறித்துக்கொண்டாலே, ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் பாதிக்கு மேல் கண்டுபிடித்துவிடலாம்.

கடைசி அறிகுறியைத் தவிர, இங்கே சொல்வது 1970 முதல் 1982 வரையிலான கார்வெட்டுகளுக்கு. 1968 காரில் சாவித்துளை டேஷ்போர்டில் இருந்தது. 1969 மாடலில் அது ஸ்டியரிங் தண்டுக்கு இடம் மாறியது. கார் திருட்டைக் குறைக்க அமெரிக்க மத்திய அரசு கொண்டுவந்த பாதுகாப்பு விதி 114, 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு ஓட்டுநர் கதவைத் திறந்தால் கார் எச்சரிக்க வேண்டும் என்றது அந்த விதி. அதற்குப் பிறகு 1972-இல் சீட் பெல்ட்டுக்கும் எச்சரிக்கை ஒலி சேர்ந்தது. ஆக, உங்கள் காரில் கத்துவதற்குக் குறைந்தது இரண்டு காரணங்கள் இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதுதான் முதல் வேலை.

மின்சாரம் போகும் பாதை

சாவி பஸ்ஸருக்கு 12 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். இக்னிஷன் அணைந்திருந்தாலும் வரும். இல்லாவிட்டால் சாவியை மறந்தவரை அது எச்சரிக்க முடியாது. எர்த் பக்கம்தான் ஸ்விட்சுகள் உள்ளன. பஸ்ஸரிலிருந்து கிளம்பும் வயர் முதலில் ஸ்டியரிங் தண்டுக்குள் போய், லாக் சிலிண்டருக்கு (சாவி நுழையும் உருளைப் பூட்டு) மேல் உட்கார்ந்திருக்கும் சாவி ஸ்விட்சைத் தொடுகிறது. அங்கிருந்து வெளியே வந்து, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் உள்ள பொத்தான் ஸ்விட்சுக்குப் போகிறது. அங்கே எர்த். சாவி உள்ளே இருந்தால் முதல் ஸ்விட்ச் மூடும்; கதவு திறந்தால் இரண்டாவது மூடும். இரண்டும் மூடினால்தான் சத்தம் வரும்.

இரண்டு ஸ்விட்சுகள் வரிசையாக இருக்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்விட்ச் பொய் சொல்கிறது என்பதைக் கதவும் சாவியுமே காட்டிக்கொடுத்துவிடும்.

பஸ்ஸர் இருக்கும் இடம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 1970-களின் தொடக்கக் கார்களில் ஹாரன் ரிலேயும் (ஹாரனை இயக்கும் மின்காந்த ஸ்விட்ச்) பஸ்ஸரும் ஒரே உலோகப் பெட்டிக்குள் இருக்கும். ரிலேயின் நாக்கைக் காந்தம் இழுத்ததும் அதன் வழியே போகும் மின்சாரம் துண்டிக்கப்படும், ஸ்பிரிங் அதைத் திரும்பத் தள்ளும், மீண்டும் இழுக்கும். அந்தத் துடிப்புதான் நாம் கேட்கும் ஓசை. பிற்காலக் கார்களில் பஸ்ஸர் தனிச் சிறு பெட்டி. எங்கே என்று தெரியாவிட்டால், ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை டேஷ்போர்டுக்கு அடியில் நகர்த்திப் பாருங்கள். வயர் வரைபடத்தைத் தேடி எடுப்பதைவிட இது வேகமானது.

தொடங்கும் முன்

வேண்டியவை அதிகமில்லை: ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், ஒரு சிறு ஜம்பர் வயர், நல்ல வெளிச்சம். உங்கள் காரின் ஆண்டுக்குரிய சர்வீஸ் மேனுவல் கையில் இருந்தால் பாதி பலம். வயர் நிறங்களை இங்கே நான் தரவில்லை. ஆண்டுக்கு ஆண்டு மாறுபவற்றை நினைவிலிருந்து சொல்வதைவிட, உங்கள் மேனுவலைப் பார்ப்பதே சரி.

பேட்டரி பானெட்டுக்குள் இல்லை. இந்தத் தலைமுறையில் அது இருக்கைக்குப் பின்னால் உள்ள அறையில் இருக்கிறது. ஸ்டியரிங் பகுதியைக் கழற்றும்போதும், ஓம் அளவெடுக்கும்போதும் எர்த் முனையைக் கழற்றி வையுங்கள். வோல்ட் பார்க்கும்போது மட்டும் திரும்ப மாட்டுங்கள்.

இன்னொன்று. இந்தக் காரின் உடல் ஃபைபர்கிளாஸ். இரும்பு உடல் கொண்ட கார்களில், எங்கே திருகினாலும் எர்த் கிடைத்துவிடும். இங்கே அப்படியில்லை. கதவுத் தூண்களையும் கண்ணாடிச் சட்டத்தையும் சேர்த்த எஃகுக் கூடு ஒன்று உள்ளே இருக்கிறது. அதற்கோ, சேஸிக்கோ போகும் எர்த் வயர்களை நம்பித்தான் எல்லாச் சுற்றும் ஓடுகின்றன. மீட்டரின் கறுப்பு முனையை ஏதோ ஒரு திருகில் வைத்துவிட்டு ‘எர்த் வரவில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். பேட்டரியின் எர்த் முனையிலிருந்து நீளமான ஒரு வயரை இழுத்துக்கொண்டு, அதை ஆதாரமாக வைத்து அளந்தால் ஏமாற மாட்டீர்கள்.

அறிகுறி: சாவி வெளியே, கதவு திறந்தால் கத்துகிறது, சாத்தினால் ஓய்கிறது

அடிக்கடி வருவது இதுதான். சொல்லப்போனால், இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் இதுதான்.

கதவு ஸ்விட்ச் ஒழுங்காக வேலை செய்கிறது. அதனால்தான் கதவைச் சாத்தினால் ஓய்கிறது. சாவி இல்லாதபோதும் சாவி ஸ்விட்ச் மூடியே இருக்கிறது. குற்றம் ஸ்டியரிங் தண்டின் தலைப்பகுதியில்.

அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். லாக் சிலிண்டரின் பக்கவாட்டில் ஒரு சிறு முனை உண்டு. சாவியை நுழைத்ததும் அது வெளியே நீட்டிக்கொள்ளும். உருவியதும் உள்ளே போய்விடும். நீட்டும்போது மேலே உள்ள இரண்டு மெல்லிய உலோகத் தகடுகளை அழுத்தி ஒன்றோடொன்று தொடவைக்கும். அவ்வளவுதான் சாவி ஸ்விட்ச். அது தன் இடத்தில் நிற்பது ஒரு ஸ்பிரிங் கிளிப்பின் பிடியில். அதிலிருந்து வரும் இணைப்பு இண்டிகேட்டர் ஸ்விட்சின் வயர்க்கற்றையோடு சேர்ந்தே கீழே இறங்குகிறது.

கெடக்கூடியவை நான்கு. அந்த முனை பழைய கிரீஸாலும் தூசியாலும் பிசுபிசுத்து, நீட்டிய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். தகடு வளைந்துபோய்ச் சாவி இல்லாமலே தொட்டுக்கொண்டிருக்கும். சிலிண்டர் பள்ளத்தில் உலோகச் சீவல் விழுந்து இரண்டையும் இணைத்துவிடும். நான்காவது, யாரோ முன்பு சிலிண்டரை மாற்றும்போது ஸ்விட்சைத் தவறாக நுழைத்திருப்பார்கள். ஐம்பது ஆண்டு வயதான காரில் இந்த நான்காவதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பூட்டு எத்தனை கை மாறியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

முதலில் உறுதிசெய்யுங்கள். ஸ்டியரிங் தண்டின் கீழ்ப்பகுதியில், டேஷ்போர்டுக்கு அடியில், இண்டிகேட்டர் வயர்கள் வந்து சேரும் வளைவான கனெக்டர் இருக்கும். அதன் முனைகளுக்கு எழுத்துகள் இட்டிருப்பார்கள். சாவி பஸ்ஸருக்கு உரியவை ஈ (E), எஃப் (F) ஆகிய இரண்டு. மேனுவலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கனெக்டரைப் பிரித்து, கதவைத் திறந்து வையுங்கள். சத்தம் நின்றுவிட்டதா? அப்படியானால் கோளாறு கனெக்டருக்கு மேலே, தண்டுக்குள். இப்போது கார்ப்பக்க பாதியில் ஈ, எஃப் இரண்டையும் ஜம்பர் வயரால் இணையுங்கள். கத்தினால் பஸ்ஸர், வயர், கதவு ஸ்விட்ச் மூன்றும் நலம். அடுத்து, தண்டுப்பக்க பாதியில் அதே இரண்டு முனைகளுக்கு இடையே ஓம் அளந்து பாருங்கள். சாவி உள்ளே இருந்தால் ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டும். வெளியே இருந்தால் முடிவிலி. சாவி இல்லாதபோதும் சுழியத்துக்கு அருகில் காட்டினால் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஒரு கடுமையான எச்சரிக்கை: இந்தக் கனெக்டரைப் பிரித்துவைத்தபடி காரைச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். இந்தக் கார்களில் பிரேக் லைட்டுக்கான மின்சாரமும் இண்டிகேட்டர் ஸ்விட்ச் வழியாகத்தான் பின்னால் போகிறது. கனெக்டர் பிரிந்திருந்தால் இண்டிகேட்டர், ஹாரன், பிரேக் லைட் எல்லாம் போய்விடும். பஸ்ஸர் ஓய்ந்த நிம்மதியில் பின்னால் வருபவருக்கு நீங்கள் நிறுத்துவது தெரியாமல் போகக் கூடாது.

உறுதியானதும், கழற்றாமல் செய்யக்கூடியதை முதலில் செய்து பாருங்கள். சாவியை நுழைத்து, ரன் நிலைக்கு (இன்ஜின் ஓடும்போது சாவி இருக்கும் நிலை) திருப்பி, திரும்பக் கொண்டுவந்து உருவுங்கள். இதைப் பலமுறை செய்யுங்கள். சாவித்துளையில் எலெக்ட்ரிக்கல் காண்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்து, அழுத்தக் காற்றால் ஊதி, மறுபடியும் செய்யுங்கள். முனை ஒட்டிக்கொண்டதுதான் காரணம் என்றால் பெரும்பாலும் இதிலேயே விட்டுவிடும். உராய்வு குறைக்க உலர்ந்த டெஃப்லான் வகை ஸ்பிரே போதும். பூட்டுக்குக் கிராஃபைட் தூள் போடுவது பழைய வழக்கம். இந்தப் பூட்டுக்கு மட்டும் வேண்டாம் என்பேன். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். சில மில்லிமீட்டர் தள்ளி இரண்டு திறந்த உலோகத் தகடுகள் இருக்கும் இடத்தில் அதை ஏன் தூவ வேண்டும்?

தேய்ந்துபோன சாவியையும் கவனியுங்கள். வேறொரு சாவியால் பிரச்சினை வரவில்லை என்றால், அசல் சாவிக்குறியீட்டை வைத்துப் புதிதாக வெட்டிக்கொள்வது மலிவான தீர்வு. தேய்ந்த சாவியை அப்படியே நகலெடுத்தால் தேய்மானமும் நகலாகிவிடும்.

இவற்றுக்கெல்லாம் மசியவில்லையா? கழற்ற வேண்டியதுதான். பேட்டரி எர்த் கழற்றியாயிற்று என்று இன்னொரு முறை பாருங்கள். இந்தக் கார்களில் ஏர்பேக் கிடையாது. அந்தக் கவலை வேண்டாம். ஹாரன் மூடி, நடு நட்டு, பிறகு ஸ்டியரிங் சக்கரம். சக்கரத்துக்குப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டே இழுக்க வேண்டும். தண்டின் நுனியில் சுத்தியலால் தட்டவே கூடாது. விபத்தில் மடங்கி ஓட்டுநரின் நெஞ்சைக் காப்பதற்காக இந்தத் தண்டு பிளாஸ்டிக் ஊசிகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது. சுத்தியல் அடியில் அவை முறிந்துவிடும். பஸ்ஸருக்காகப் போய்த் தண்டையே கெடுத்துக்கொண்ட கதையாகிவிடும்.

சக்கரம் வந்தபின் பூட்டுத் தகடு தெரியும். அதை அமுக்கிப் பிடிக்கத் தனிக் கருவி உண்டு. அமுக்கி, வளையக் கிளிப்பை எடுத்து, தகட்டை விடுவியுங்கள். சாய்ந்து நீளும் ஸ்டியரிங் உள்ள காரில் இந்தக் கட்டத்தில் அமைப்பு வேறு. அதற்குப் பொருந்தும் கருவியை வாங்கியோ இரவல் பெற்றோ செய்யுங்கள். சாதாரணக் கருவியை வைத்து முரட்டுத்தனமாக முயன்றால் மரைகள் போய்விடும். பிறகு இண்டிகேட்டர் நெம்புகோல், ஹஸார்டு பொத்தான், இண்டிகேட்டர் ஸ்விட்சின் மூன்று திருகுகள். ஸ்விட்சை வயரோடு மேலே தூக்கி ஓரமாக வைத்தால், லாக் சிலிண்டருக்கு மேல் அந்தச் சிறிய சாவி ஸ்விட்ச் கண்ணுக்குத் தெரியும்.

அதை எடுக்கச் சாவியை உள்ளே விட்டு ரன் நிலையில் வையுங்கள். வேறு நிலையில் சிலிண்டரை உருவினால் ஸ்விட்ச் சேதமாகும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியில் கால் அங்குலம் செங்கோணமாக மடித்து, ஸ்பிரிங்கின் வளைவில் கொக்கி போல மாட்டி, ஸ்பிரிங்கையும் ஸ்விட்சையும் ஒன்றாக நேராக மேலே இழுங்கள். ஸ்பிரிங் கீழே தண்டுக்குள் விழுந்துவிடக் கூடாது. விழுந்துவிட்டால், தேடி எடுக்காமல் எதையும் திரும்ப மாட்டாதீர்கள். சிலிண்டர் வெளியே இருக்கும்போது பள்ளத்தைக் காந்தத்தாலும் காற்றாலும் சுத்தம் செய்யுங்கள். சீவல்கள் எல்லாம் இரும்பாக இராது, சிலிண்டர் வார்ப்பு துத்தநாகக் கலவை. எனவே காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம், விளக்கடித்துக் கண்ணால் பாருங்கள்.

சிலிண்டரை விடுவிக்கும் முறையில் ஒரு வித்தியாசம். 1978 வரை அதை ஒரு ஸ்பிரிங் நாக்கு பிடித்திருக்கும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் பக்கத்துப் பிளவு வழியே அமுக்கினால் வரும். 1979 முதல் ஒரு திருகு. திருகைத் தேடி நாக்கு உள்ள வார்ப்பை உடைத்தவர்கள் உண்டு.

புதிய ஸ்விட்சும் ஸ்பிரிங்கும் விலை குறைவு. இவ்வளவு தூரம் வந்தபின் பழையதை நிமிர்த்திப் போட்டுச் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஸ்விட்சையும் ஸ்பிரிங்கையும் வெளியிலேயே சேர்த்துக்கொண்டு, சிலிண்டர் ரன் நிலையில் இருக்கும்போது ஒன்றாக உள்ளே தள்ளுங்கள். சக்கரத்தை மாட்டுவதற்கு முன் ஈ, எஃப் முனைகளில் மறுபடியும் ஓம் பாருங்கள்: சாவி உள்ளே, சாவி வெளியே, இரண்டு நிலையிலும்.

அறிகுறி: சாவி உள்ளே இருக்கும்வரை கத்துகிறது, கதவு சாத்தியிருந்தாலும்

இப்போது தலைகீழ். சாவி ஸ்விட்ச் உண்மை சொல்கிறது. கதவுப் பக்கம் பொய். ஓட்டும்போதெல்லாம் கத்தும் என்பதால் எரிச்சல் அதிகம், ஆனால் சரிசெய்வது மிகச் சுலபம்.

ஓட்டுநர் கதவின் பொத்தான் ஸ்விட்சை விரலால் முழுவதும் அமுக்குங்கள். ஓய்ந்தால், கதவு அதைப் போதுமான அளவு அமுக்கவில்லை: கீல் தொய்ந்திருக்கும், அல்லது பொத்தானின் நுனி தேய்ந்திருக்கும். ஓயாவிட்டால் ஸ்விட்சின் வயரைக் கழற்றுங்கள். இப்போது ஓய்ந்தால் ஸ்விட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது, மாற்றுங்கள். இன்னும் கத்தினால், ஸ்டியரிங் தண்டிலிருந்து கதவுக்கு வரும் வயர் வழியில் எங்கோ தோல் உரிந்து எஃகுக் கூட்டைத் தொடுகிறது. கால்பக்கப் பலகைக்குப் பின்னால் தொடங்கித் தேடுங்கள். பின்னாளில் யாரோ ஸ்டீரியோ மாட்டியபோது அடித்த திருகு வயரைக் குத்தியிருக்க வாய்ப்பு உண்டு.

புதிய ஸ்விட்ச் வாங்கும்போது முனைகளை எண்ணுங்கள். ஓட்டுநர் பக்கத்து ஸ்விட்சில் இரண்டு முனை: ஒன்று உள்விளக்குக்கு, மற்றது பஸ்ஸருக்கு. பயணி பக்கத்தில் ஒன்றே. தெரியாமல் ஒற்றை முனை ஸ்விட்சை மாட்டினால் பஸ்ஸர் என்றைக்குமே கத்தாது, ‘பஸ்ஸர் போய்விட்டது’ என்று அடுத்தவர் தேடிக்கொண்டிருப்பார்.

அறிகுறி: எப்போதும் கத்துகிறது

சாவி, கதவு எதைச் செய்தாலும் ஓயவில்லை. தண்டின் கனெக்டரைப் பிரியுங்கள். ஓய்ந்தால் இரண்டு ஸ்விட்சும் ஒருசேரக் கெட்டிருக்கின்றன, அல்லது தண்டுக்குள் பஸ்ஸர் வயர் எர்த் ஆகிறது. மேலே சொன்ன இரண்டையும் வரிசையாகச் செய்யுங்கள். ஓயவில்லை என்றால் பஸ்ஸருக்கும் கனெக்டருக்கும் இடையிலான வயர்தான் எர்த் ஆகிறது, அல்லது பஸ்ஸரின் உள்ளேயே கோளாறு. பஸ்ஸரிலிருந்து அந்த ஒரு வயரை மட்டும் கழற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பஸ்ஸரையே மாற்ற வேண்டிய நிலை அரிது. பலரும் முதலில் பணம் செலவழிப்பது அதற்குத்தான் என்பது வருத்தம்.

அறிகுறி: ஸ்டியரிங்கைச் சாய்க்கும்போதோ இண்டிகேட்டர் போடும்போதோ மட்டும்

கதவைத் திறந்து வைத்து, சாவி இல்லாமல், ஸ்டியரிங்கை மேலும் கீழும் சாய்த்துப் பாருங்கள். விட்டுவிட்டுக் கத்தினால் சாய்வு மூட்டின் அருகில் வயர்க்கற்றை நசுங்கித் தோல் போயிருக்கிறது. இதே கற்றையில் பிரேக் லைட் வயரும் ஹாரன் வயரும் போகின்றன. இன்றைக்குப் பஸ்ஸர், நாளைக்கு அவையும் போகலாம். டேப் சுற்றிச் சமாளிக்காமல் இண்டிகேட்டர் ஸ்விட்சைக் கற்றையோடு மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: மழைக்குப் பின், அல்லது காரைக் கழுவிய பின் மட்டும்

இதை யாரும் எளிதில் நம்புவதில்லை, ஆனால் கார்வெட்டில் இது நடக்கும். எடுத்து வைக்கக்கூடிய கூரைப் பலகைகளின் ரப்பரும், முன்கண்ணாடியின் அடைப்பும் வயதானால் கசியும். தண்ணீர் கண்ணாடிச் சட்டத்தின் ஓரமாக இறங்கி, ஓட்டுநரின் கால்பக்கம், ஃபியூஸ் பெட்டியும் கனெக்டர்களும் இருக்கும் மூலைக்கு வந்து சேரும். செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஈரமானால் அது கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்தும். சத்தமும் முழுசாக இராது, மங்கலாக, இழுத்து இழுத்து வரும்.

கனெக்டர்களைக் கழற்றி, கிளீனரும் சின்னப் பிரஷும் போட்டுத் தேய்த்து, உலர்த்தி, டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். கால்விரிப்பைத் தூக்கி ஈரம் பாருங்கள்; கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலைகளில் துரு பாருங்கள். ஃபைபர்கிளாஸ் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையில் உள்ளிருக்கும் எஃகுக் கூட்டை மறந்துவிடுகிறோம். அந்தக் கூடு அரித்துப்போனால் சரிசெய்யும் செலவு காரின் விலையைத் தொடக்கூடும். பஸ்ஸர் இதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது என்றால் அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

அறிகுறி: இக்னிஷன் போட்டவுடன் கத்துகிறது

இது பெல்ட் பஸ்ஸர். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். 1975-க்குப் பிந்தைய காரில் நான்கிலிருந்து எட்டு நொடிக்குள் தானே ஓய்ந்தால் கோளாறே இல்லை.

அந்த எட்டு நொடிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1972, 1973 கார்களில் பெல்ட் போடாமல் கிளம்பினால் சத்தம் தொடர்ந்து வரும். 1974 மாடலில் ஒருபடி மேலே போய், முன்னிருக்கையில் உட்கார்ந்து, பெல்ட் மாட்டி, அதன் பிறகுதான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்படி செய்தார்கள். இருக்கையில் மளிகைப் பையை வைத்தால்கூட அதற்குப் பெல்ட் போடச் சொன்னது. மக்களின் கோபம் நாடாளுமன்றம்வரை போனது. 1974 அக்டோபர் 27-இல் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் அந்த ஸ்டார்ட் தடையைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது. எச்சரிக்கை ஒலியையும் எட்டு நொடிக்கு மேல் கட்டாயமாக்கக் கூடாது என்றது.

ஆகவே எட்டு நொடிக்கு மேல் கத்தும் பிற்காலக் காரில் டைமர் ரிலே மாட்டிக்கொண்டிருக்கிறது, மாற்றுங்கள். 1972 முதல் 1974 வரையிலான காரில், பெல்ட் போட்டும் கத்தினால் பெல்ட் பக்கத்து ஸ்விட்சையும், யாரும் உட்காராமலே கத்தினால் இருக்கை மெத்தைக்கு அடியில் உள்ள அழுத்த உணர்வியையும் பாருங்கள். பழைய மெத்தையின் நுரை நைந்து கம்பி இறங்கிவிட்டால், அந்த உணர்வி எப்போதும் அமுங்கியே இருக்கும். பயணி பக்கத்து இணைப்பைக் கழற்றி, கத்துவது நிற்கிறதா என்று பார்ப்பதே சோதனை. 1974 கார் ஸ்டார்ட் ஆகவும் மறுத்தால் ஸ்டார்ட்டரைக் குறை சொல்லுமுன் இதே உணர்விகளைச் சந்தேகியுங்கள்.

அறிகுறி: குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் மட்டும்

இது 1969 வரையிலான கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். 1967 முதல் 1969 வரை, யூ15 (U15) என்ற எண்ணில் வேக எச்சரிக்கை ஒன்றைக் கூடுதல் விலைக்குத் தந்தார்கள். ஸ்பீடோமீட்டரில் இரண்டாவது சிறு முள் இருக்கும். அதை எந்த வேகத்தில் நிறுத்துகிறோமோ அதைத் தாண்டினால் பஸ்ஸர் ஒலிக்கும். கார் புதிதாகக் கைக்கு வந்து, யாரும் சொல்லித் தராமல் இருந்தால் இது பெரிய மர்மம் போலத் தோன்றும். முள்ளை மேலே தள்ளிவிட்டால் போதும். வேலை செய்யும் யூ15 இன்று அபூர்வம், தயவுசெய்து அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

காரணம் தெரிந்தபின்னும் சத்தம் வேண்டாம் என்றால்

எல்லாம் சரியாகிவிட்டது, ஆனாலும் கராஜில் கதவைத் திறந்து வைத்து வேலை பார்க்கும்போது அந்த ஓசை வேண்டாம். நியாயமான ஆசைதான். திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய வழியைத் தேர்ந்தெடுங்கள்.

ஃபியூஸை எடுப்பது தவறான வழி. தனி பஸ்ஸர் உள்ள கார்களில் அதே ஃபியூஸில் உள்விளக்கும் கடிகாரமும் இருக்கக்கூடும். ஹாரன் ரிலேயோடு சேர்ந்த பஸ்ஸர் உள்ள காரில் பெட்டியைக் கழற்றினால் ஹாரனும் போகும். அதில் பஸ்ஸருக்குரிய ஒற்றை வயரை மட்டும் முனையிலிருந்து உருவி, நுனியை மூடிக் கட்டிவையுங்கள். பஸ்ஸர் தனியாக இருந்தால் அதைச் சாக்கெட்டிலிருந்து எடுத்து, ஒரு உறையில் பெயர் எழுதி, காரிலேயே வையுங்கள். கதவு ஸ்விட்சில் பஸ்ஸர் முனையைக் கழற்றுவது எல்லாவற்றிலும் எளிது, உள்விளக்கு பாதிக்கப்படாது. எந்த வழியானாலும் வயரைக் கத்தரிக்க வேண்டாம்.

வொர்க்‌ஷாப்பில் கொடுத்துச் செய்யச் சொன்னால் மறுக்கலாம், கோபப்படாதீர்கள். பாதுகாப்பு விதிப்படி பொருத்தப்பட்ட கருவியைப் பழுதுபார்க்கும் நிறுவனம் செயலிழக்கச் செய்யக் கூடாது என்ற விதியும் அதே 1974 சட்டத்தில்தான் வந்தது. உரிமையாளர் தானே செய்வதை அந்தப் பிரிவு தடுக்கவில்லை. என்னைக் கேட்டால், சரியாக வேலை செய்யும் சாவி பஸ்ஸரை விட்டுவைப்பேன். திறந்த கூரையோடு நிறுத்தும் காரில் சாவியை மறந்துவிட்டு இறங்குவது மிகச் சுலபம்.

ஸ்டியரிங்கைக் கழற்றியிருந்தால், நடு நட்டை மேனுவல் சொல்லும் இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பேட்டரியை மாட்டி, பூட்டை எல்லா நிலைகளுக்கும் திருப்பிப் பாருங்கள். சாவியை உருவியதும் ஸ்டியரிங் பூட்டிக்கொள்கிறதா, சாவி போட்டதும் தடையில்லாமல் விடுகிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு பக்க இண்டிகேட்டர், ஹஸார்டு, ஹாரன். கடைசியாக ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துப் பிரேக்கை மிதியுங்கள். இரண்டு பக்கமும் எரிகிறது என்று அவர் சொன்ன பிறகே காரை வெளியே எடுங்கள்.